பயறுக்கு மாறிய பத்தே நாளில் வீடு ரெண்டுபட்டது: என்ன செய்வது?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. ஒரு பள்ளியில் அலுவலக வேலை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். கணவருக்கு 46, சொந்தமாக விசைத்தறி வைத்திருக்கிறார். மூன்று மாதம் முன்பு அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4. ரத்த அழுத்தமும் கொஞ்சம் கூடுதல். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் எடுக்கிறார். மாமியாருக்கு 70. யூரிக் ஆசிட் 7.2 என்று ஒரு ரிப்போர்ட் இருக்கிறது. மூட்டு வலியோ வீக்கமோ கிடையாது. பத்தாவது படிக்கும் மகளுக்கு ஹீமோகுளோபின் 9.8. ஏழாவது படிக்கும் மகனுக்கு ஒரு குறையும் இல்லை, "பயறைக் கண்டால் ஓடுவதைத் தவிர."

இனி அவர் வார்த்தையிலேயே: "டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். பயறு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று ஒரே நாளில் மாற்றிவிட்டேன். காலையில் முளைகட்டிய பச்சைப்பயறு பச்சையாகவே, மதியம் ராஜ்மா அல்லது கொண்டைக்கடலை, இரவு மீல் மேக்கர். அவருக்குச் சோறே கிடையாது. எங்களுக்கு வழக்கம்போல் சோறு, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல். பத்து நாள்தான். எல்லாருக்கும் வயிறு உப்புசம். ஒருநாள் பதினொன்றரை மணிக்குத் தறிக்கூடத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டி, கையெல்லாம் நடுங்கிவிட்டது. சர்க்கரை போட்டு டீ குடித்து ரொம்ப நேரம் கழித்துத்தான் தெளிந்தார். அத்தை, 'இதென்ன சீக்காளி ஊட்டுச் சாப்பாடு? எனக்கு யூரிக் ஆசிட் ஏறிரும்' என்று தனியாகப் பொங்க ஆரம்பித்துவிட்டார். கொண்டைக்கடலை எத்தனை விசில் விட்டாலும் வேகமாட்டேன் என்கிறது, சோடா மாவு போட்டுத்தான் வேகவைக்கிறேன். இதையெல்லாம் விட்டுவிடலாமா? வேலைக்குப் போகிறவள் தினமும் ஊறவைத்து வேகவைத்துக் கொண்டிருக்க முடியுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். உங்கள் வீட்டில் இருக்கிற சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை மூன்றுக்கும் பயறு பொருந்தும் உணவு. நீங்கள் போன திசை சரி. வேகம்தான் அதிகம், சில இடங்களில் முறையும் தவறு. கடிதத்தில் வயிற்று உப்புசத்தைப் பற்றி ஒரு பக்கமும், அந்தப் பதினொன்றரை மணிச் சம்பவத்தைப் பற்றி மூன்றே வரியும் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்டது அந்த மூன்று வரிதான். அதிலிருந்து தொடங்குகிறேன்.

தறிக்கூடத்தில் நடந்தது என்ன?

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், உங்கள் கணவருக்கு ரத்தத்தில் சர்க்கரை கீழே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அவர் எடுக்கும் மாத்திரையில் உள்ள கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று அது பார்க்காது. ஐந்து இட்லி சாப்பிட்ட நாட்களை வைத்துக் கணக்கிட்ட மாத்திரை, ஒரு கிண்ணம் முளைப்பயறு மட்டும் சாப்பிட்ட நாளிலும் அதே வேலையைச் செய்யும். அதோடு தறியில் நின்று உழைக்கிறவர். இறங்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது விஷயம், டீ குடித்தும் தெளிய நேரமானது ஏன் என்பது. வோக்லிபோஸ் என்பது, நாம் சாப்பிடும் மாவையும் சர்க்கரையையும் குடலில் உடைக்கும் நொதிகளைத் தடுத்து, செரிமானத்தை மெதுவாக்கும் மருந்து. நாம் டீயில் போடும் சர்க்கரையும் உடைபட்டால்தான் ரத்தத்தில் சேரும். அதனால் இந்த மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் அளவு தண்ணீரில் கலக்கிக் குடிக்கட்டும். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையை மறுபடி பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. சரியான பிறகு ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரி. ஒரு பாக்கெட் குளுக்கோஸ் தறிக்கூடத்தில் இன்றே இருக்கட்டும்.

மாத்திரையை நீங்களே நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம். நான் உணவு ஆலோசகர்; மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் மருத்துவரின் வேலை. "சோற்றைக் குறைத்துப் பயறு சேர்த்திருக்கிறோம், இப்படி ஒருநாள் ஆனது" என்று சொல்லி இந்த வாரமே அவரைப் பாருங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் காலை வெறும் வயிறு, பதினோரு மணி, மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து என்று ஐந்தாறு நாள் பார்த்து எழுதிக்கொண்டு போனால் அவர் முடிவெடுப்பது சுலபம். அதுவரை காலைச் சாப்பாட்டில் இரண்டு இட்லியோ ஒரு தோசையோ இருக்கட்டும், பயறு அதன் கூட வரட்டும். சாப்பாட்டைத் தள்ளிப்போட மட்டும் விடாதீர்கள்.

சோற்றுக்கு மேலே சுண்டல் கொட்டுவது

கணவருக்குச் சோறே இல்லை, மற்றவர்களுக்குச் சோறு குறையாமல் கூடுதலாக ஒரு கிண்ணம் சுண்டல். இரண்டுமே வேண்டாம்.

பயறில் புரதம் மட்டும்தான் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சோயாவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், காய்ந்த பயறில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். புரதம் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 முதல் 25 கிராம். நார்ச்சத்து நிறைய இருப்பதாலும், மாவே மெதுவாக உடைபடும் வகை என்பதாலும் சர்க்கரை திடுமென்று ஏறுவதில்லை. சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் குறிக்கும் கிளைசெமிக் குறியீட்டில் நம் வெள்ளை அரிசி பல வகைகள் 70ஐத் தாண்டும். கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் 30ஐ ஒட்டி நிற்கும். ஆனால் இந்த லாபம், பயறு சோற்றின் இடத்தில் உட்கார்ந்தால்தான். சோற்றுக்கு மேலே கொட்டினால் மொத்த மாவுச்சத்து கூடுமே தவிரக் குறையாது.

கணக்கைப் பாருங்கள். உடல் உழைப்பு உள்ளவர் மதியம் 150 கிராம் அரிசியின் சோற்றைச் சாதாரணமாகச் சாப்பிடுவார். அதில் மாவுச்சத்து மட்டும் 115 கிராமுக்கு மேல். அதையே 60 கிராம் அரிசி, 60 கிராம் தட்டைப்பயறு என்று மாற்றினால் சுமார் 80 கிராமுக்கு வந்துவிடும். புரதமும் நாரும் கூடும், வயிறும் நிறையும்.

"நாங்கள் தினமும் சாம்பார்தான் வைக்கிறோம், பருப்புக்குக் குறைச்சல் இல்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பேருக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு போட்டால் 150 கிராம் வரும். தலைக்கு 30 கிராம், அதில் புரதம் ஆறேழு கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம் என்று சொல்லியிருக்கிறது. கறி, மீன், முட்டை சாப்பிடுகிறவர்கள் அந்த 85இல் கொஞ்சத்தை அப்படி எடுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பயறு. நம் வீட்டுத் தட்டுகளில் இது ஏழுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்றுதான் கிடக்கிறது. சாம்பார் நல்லதுதான், ஆனால் அதில் பருப்பைவிடத் தண்ணீர் அதிகம்.

அரிசியையும் முழுக்க ஒதுக்க வேண்டாம். பயறில் லைசின் என்கிற அமினோ அமிலம் நிறைய, மெதியோனின் குறைவு. அரிசியில் நேர்மாறாக. இரண்டும் ஒரே நாளில் உள்ளே போனால் போதும், ஒரே வாயில் போக வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் கணவருக்கு மதியம் ஒரு கிண்ணம் சோறு இருக்கட்டும்.

வாயுத் தொல்லை

பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. அப்போது காற்று உண்டாகிறது. இது நோயல்ல. ஆனால் வாரம் ஒருநாள் சுண்டல் தின்ற வயிற்றுக்கு ஒரே நாளில் மூன்று வேளை பயறு கொடுத்தால் அது என்ன செய்யும்? அத்தை சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

கணவருக்கு மட்டும் உப்புசம் மற்றவர்களைவிட அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் மாத்திரையில் பதில் இருக்கிறது. வோக்லிபோஸ் செரிக்காத மாவைப் பெருங்குடலுக்குத் தள்ளும். அதுவே காற்றை உண்டாக்கும். மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். இந்த இரண்டின் மேல் மூன்று வேளைப் பயறு. மருத்துவரிடம் போகும்போது இதையும் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது, அளவைக் குறைத்துத் திரும்பத் தொடங்குவது. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் தோல் நீக்கிய பாசிப்பருப்பு. அடுத்த வாரம் தோலுடன் பச்சைப்பயறும் தட்டைப்பயறும். கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா எல்லாம் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வயிறு பழகிவிடும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். தொல்லை தரும் சர்க்கரைகளில் ஒரு பங்கு அதோடு போய்விடும். பெருங்காயம், இஞ்சி, பூண்டு வழக்கம்போல் போடுங்கள், வாசத்துக்காவது வேண்டுமே. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் பெருங்காயத்தை மட்டும் நம்புவதில் பயனில்லை. தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். நார் கூடும்போது தண்ணீர் கூடாவிட்டால் மலச்சிக்கல்தான் வரும்.

ஆறு வாரம் கழித்தும் வலி, வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் பழியைப் பயறின் மேல் போட்டுவிட்டு உட்காராமல் மருத்துவரைப் பாருங்கள்.

வேகாத கொண்டைக்கடலையும் சோடா மாவும்

எந்தத் தண்ணீரில் வேகவைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பயறின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் எனும் நார்ப்பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். பத்து விசில் விட்டாலும் கல் மாதிரிதான் இருக்கும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிக்கிற நல்ல தண்ணீரை, அதாவது ஆற்றுத் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்திப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம்.

மீதிப் பாதிக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பழைய சரக்கு. ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்த கடலை எப்படி ஊறவைத்தாலும் மெத்தென்று ஆகாது. மூட்டையாக வாங்கி வைக்காமல் ஓட்டம் உள்ள கடையில் மாதத்துக்கு மாதம் வாங்குங்கள். இன்னொன்று, புளியும் தக்காளியும். புளிப்பு சேர்ந்தால் பயறு வேக மறுக்கும். முதலில் வேகவைத்து, நசுக்கினால் மசிகிற பதம் வந்த பிறகு புளி ஊற்றுங்கள். உப்பு போட்டால் வேகாது என்று ஒரு பேச்சு உண்டு, அது சரியில்லை. ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டால் தோல் இளகத்தான் செய்யும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடப் போகிறோம் என்பதால் ரத்த அழுத்தக்காரருக்கும் பெரிய கெடுதல் இல்லை. குழம்பில் உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்.

சோடா மாவு வேகவைத்துவிடும், உண்மை. ஆனால் தயாமின் எனும் பி1 வைட்டமினை அழித்துவிடும். ஒரு டீஸ்பூன் சோடா மாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளுக்கான வரம்பே 2,000. உங்கள் கணவருக்கு அது தேவையில்லாத சுமை.

விசில் எண்ணுவதையும் விடுங்கள். ஒவ்வொரு குக்கருக்கும் ஒரு விசில். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிறுதீயில் வைத்து, ஊறிய கொண்டைக்கடலைக்கு 15 முதல் 20 நிமிடம், மொச்சைக்கு 10 முதல் 12, தட்டைப்பயறுக்கு ஐந்தாறு நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். அப்புறம் ஆவி தானாக அடங்கட்டும். பயறு நுரைத்துப் பொங்கும்; குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை வால்வை அடைக்கும். ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை குறையும்.

ராஜ்மாவும் பச்சை முளைப்பயறும்

சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காடாக ஒருபோதும் பரிமாற வேண்டாம். அதில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. வேகாத ராஜ்மா நாலைந்து உள்ளே போனாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டால் நச்சு அழிந்துவிடும். பிரஷர் குக்கரில் நன்றாக வேகவைத்தால் பயமே இல்லை. கொதிக்கவிடாமல் நேரே தெர்மல் குக்கரில் போட்டு மெல்லிய சூட்டில் விடுவதுதான் ஆபத்து. 80 டிகிரி அளவுச் சூட்டில் நச்சு அழியாமல் இன்னும் கூடவே செய்யும். உண்மையில் உங்கள் வீட்டுக்கு ராஜ்மாதான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தட்டைப்பயறும் அவரைக்கொட்டையும் அதற்கு ஒரு விதத்திலும் குறைந்தவை அல்ல.

முளைகட்டுவது நல்ல பழக்கம். ஆனால் முளை வர வேண்டிய ஈரமும் சூடும் கிருமி வளரவும் போதும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியாகப் பரவிய ஈ கோலை கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். 70 வயது அத்தையும் சர்க்கரை உள்ளவரும் இருக்கும் வீட்டில் முளைப்பயறை ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். சத்து போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், எலுமிச்சை பிழிந்தால் ஈடாகிவிடும்.

அத்தைக்கும் மகளுக்கும் உங்களுக்கும்

யூரிக் ஆசிட் உள்ளவர்கள் பயறைத் தொடக்கூடாது என்பது நீண்ட நாள் நம்பிக்கை. உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் என்ற பொருள் பயறில் இருப்பது உண்மைதான். ஆனால் 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 47,000 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. கறியும் கடல் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கௌட் எனும் மூட்டு வாதம் கூடுதலாக வந்தது; பியூரின் உள்ள பயறு, காய் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. வலியே இல்லாத 7.2க்கு அத்தை பயறை விட வேண்டியதில்லை. குறைக்க வேண்டுமென்றால் ஈரல், ஆட்டுக்கால் சூப், நெத்திலி, பாட்டில் குளிர்பானம் இவற்றைக் குறைக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை: கிரியேட்டினின் பரிசோதனை செய்து சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். உங்கள் கணவருக்கும் அதே பரிசோதனையோடு சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் புரதம், பொட்டாசியம் கணக்கெல்லாம் மாறும். அப்போது மேலே நான் சொன்ன அளவுகள் பொருந்தா.

மகளின் 9.8 ரத்தசோகைதான், அந்த வயதுக்கு 12 இருக்க வேண்டும். சுண்டலில் இரும்புச்சத்து உண்டு, ஆனால் இந்தக் குறையைச் சுண்டலால் மட்டும் நிரப்ப முடியாது. மாத்திரை வேண்டும், காரணமும் தேட வேண்டும். மாதவிடாய்ப் போக்கு அதிகமா, பூச்சி மாத்திரை கொடுத்து எவ்வளவு நாள் ஆனது என்று மருத்துவர் கேட்பார். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை குறை வராமல் தடுப்பதற்கானது. வந்துவிட்ட குறையைச் சரிசெய்ய அந்த அளவு போதாது. பயறில் உள்ள இரும்பு உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ தக்காளியோ கூட வர வேண்டும். டீயும் காபியும் அதைத் தடுக்கும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளியே குடிக்கட்டும். மாலையில் சுண்டலும் டீயும் ஒன்றாக வருவது நம் வழக்கம், அதை மட்டும் பிரித்துவிடுங்கள்.

உங்கள் தைராய்டு மாத்திரைக்கும் பயறுக்கும் பகை இல்லை. சோயா மட்டும் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, முக்கால் மணி நேரம் கழித்துச் சாப்பாடு, மீல் மேக்கர் மதியமோ இரவோ என்று வைத்துக்கொண்டால் போதும். அதுவும் வாரம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்; எண்ணெய் பிழிந்த சோயாவின் மிச்சத்தில் செய்தது அது, புரதம் நிறைய, ஆனால் முழுப் பயறு தரும் எல்லாவற்றையும் அது தராது.

இன்னொன்று. பயறில் பி12 வைட்டமின் கிடையாது. மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு அது குறையவும் செய்யும். கணவருக்குத் தயிர், முட்டை, ஞாயிற்றுக்கிழமை மீன் எல்லாம் தொடரட்டும்.

சரி, என்ன சமைப்பது?

கணவருக்குத் தனிச் சமையல், மற்றவர்களுக்குத் தனிச் சமையல் என்பது ஒரு வழி. வேலைக்குப் போகிறவரால் ரொம்ப நாள் தாங்காது. அவருக்கும் தான் மட்டும் நோயாளி என்ற எண்ணம் வரும். நான் சொல்வது, எல்லாருக்கும் ஒரே குழம்பு, தட்டில் மட்டும் அளவு வேறு. கணவர் தட்டில் சோறு ஒரு பங்கு, பயறு ஒரு பங்கு, பொரியலோ கீரையோ இரண்டு பங்கு. மகன் தட்டில் சோறு கூடுதல். வளரும் பிள்ளை, அவனிடம் சோற்றைப் பிடுங்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், அத்தையை அடுப்படிக்கு மறுபடி அழைப்பது. கொங்கு நாட்டில் பயறு ஒன்றும் புதுச் சரக்கு அல்ல. ராஜ்மாவும் மீல் மேக்கரும் அவருக்கு அந்நியம். கொள்ளுப் பருப்பும் பச்சைப்பயறு கடைசலும் அவர் கைப்பழக்கம். "அத்தை, நீங்க கொள்ளு எப்படி ஆட்டுவீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இதை ஆலோசனை என்று சொல்வதா தந்திரம் என்று சொல்வதா, தெரியவில்லை.

உங்கள் ஊர் அரிசிம்பருப்பிலிருந்து தொடங்கலாம். வழக்கமாக ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு போடுவீர்கள். அதை அரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் ஊறிய தட்டைப்பயறு அல்லது அவரைக்கொட்டை என்று மாற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் அரிசி குழைந்துவிடும். பயறை முதலில் தனியாக வேகவைத்து எடுத்து, பிறகு சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய் தாளித்த எண்ணெயில் அரிசியோடு சேர்த்து வேகவையுங்கள். மேலே அரை ஸ்பூன் நெய். கூட ஒரு கீரைப் பொரியலும் தயிரும் இருந்தால் மதியச் சாப்பாடு முடிந்தது. பயறைக் கண்டு ஓடும் மகனும் இதற்கு உட்காருவான் என்று நினைக்கிறேன்.

கொள்ளு வேகவைத்தால் ஒரு கல்லில் இரண்டு சாப்பாடு. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்; வேகவைத்த தண்ணீரை ரசம் வையுங்கள். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, சீரகம், வரமிளகாய் வதக்கிச் சேர்த்துக் கொரகொரப்பாக ஆட்டினால் கொள்ளுப் பருப்பு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதால் கொழுப்பைக் கரைக்கும் மருந்தாக யாரும் நினைக்க வேண்டாம். வயிறு நிறைந்து சோறு தானாகக் குறைகிறது. அதுதான் அதன் வேலை.

இரவுக்கு அடை. ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு பருப்பு, பயறு, கைப்பிடி முருங்கைக்கீரை. பச்சைப்பயறை ஊறவைத்து அரைத்து இஞ்சி, பச்சைமிளகாய் சேர்த்துத் தோசையாக ஊற்றினால் பெசரட்டு. புளிக்க வைக்க வேண்டியதில்லை. மொச்சை கத்தரிக்காய்க் குழம்பு வைக்கும் நாளில் மொச்சையை இரு மடங்காகப் போட்டு, குழம்பைக் கெட்டியாக வையுங்கள். பருப்பு உருண்டைக் குழம்பு, பீன்ஸ் பருப்பு உசிலி இரண்டிலும் பருப்புதான் நாயகன். உருண்டையை எண்ணெயில் பொரிக்காமல் ஆவியில் வேகவையுங்கள். பல் போன அத்தைக்கு மத்தில் கடைந்த பச்சைப்பயறு. மாசத்துக்கு ஒருமுறை வடை சாப்பிடுங்கள், தப்பில்லை. அதைப் பயறுக் கணக்கில் எழுதாதீர்கள்.

வேலைக்குப் போகிறவருக்கு

தினமும் ஊறவைக்கத் தேவையில்லை. சனிக்கிழமை இரவு கொண்டைக்கடலையும் தட்டைப்பயறும் அரை அரைக் கிலோ தனித்தனியாக ஊறவையுங்கள். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஞாயிறு காலை உப்பில்லாமல் வேகவைத்து ஆறவிட்டு, ஒரு வேளைக்கு ஆகும் அளவில் டப்பாக்களில் பிரியுங்கள். மூன்று நாளுக்கானது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மீதி ஃப்ரீசரில். காலையில் ஒரு டப்பாவை எடுத்துக் கொதிக்கும் குழம்பில் போட்டால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மறந்துபோன நாளுக்குப் பாசிப்பருப்பும் பச்சைப்பயறும் இருக்கின்றன. இரண்டும் ஊறாமலே குக்கரில் வெந்துவிடும். ஃப்ரீசரில் வைத்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மின்சாரம் போய் ஒருமுறை முழுக்க இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காமல் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.